பெரிய வெள்ளியும் மச்சான் பாட்டும்

பிலோமின்ராஜுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்குப் போவான். எந்த பஸ் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுவான். கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போதும் கைவிரல் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். சின்ன வயதில் வயிற்றுப் பூச்சியாக இருக்கும் என்று வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பூச்சி செத்திருக்கலாம், கால் அடங்கவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அவனுடைய தாய்மாமன் ஒருமுறை விடுப்பில் காரைக்கால் வந்தபோது மார்சேயிலிருந்து ஒரு கிதார் கொண்டுவந்தார். கையில் ஒன்றைக் கொடுத்தால் மருமகன் ஓரிடத்தில் உட்காருவான் என்கிற நல்லெண்ணம்தான். நடந்தது தலைகீழ். ஆறே மாதத்தில் கிதாரைத் தூக்கிக்கொண்டு சோமசேகரனின் வேனில் ஏறிவிட்டான். அது எழுபத்தோராம் வருஷம்.

சோமசேகரன் கச்சேரிக் குழு வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் மேடைக் கச்சேரி என்றால் சினிமாப் பாட்டுதான். அதைப் பாடுவதற்கு மாயவரத்திலும் நாகப்பட்டினத்திலும் நூறு பேர் இருந்தார்கள். சோமசேகரன் வேறு வழி பிடித்தார். நடவுப் பாட்டு, வலை இழுக்கிற பாட்டு, தாலாட்டு என்று ஊரில் கிடப்பதை எல்லாம் வாரி எடுத்து, அதற்கு எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் வைத்தார். பக்கத்திலேயே அம்பகரத்தூர் நீலமேகத்தின் பம்பை. நீலமேகம் விவசாயக் குடும்பம், அம்மன் கோயிலில் பம்பை அடித்துப் பழகியவர். பம்பையும் கிதாரும் ஒன்றையொன்று விரட்டத் தொடங்கினால் முன்வரிசைக் கிழவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று கோயில் திருவிழா விடாமல் வேன் ஓடியது. பிலோமினுக்கு அதுதான் சொர்க்கம். இன்று ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர், எங்கேயும் பாய் விரித்துப் படுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நடுவில் கல்யாணமும் நடந்தது. பெண் பெயர் சலோமி. கருக்களாச்சேரி போகிற வழியில் இருந்த சின்னச் சவேரியார் கோயில் தெருவில் அவள் வீடு. மாப்பிள்ளை அந்தத் தெருவிலேயே வீடெடுத்துக் குடியேறினான். குடியேறினான் என்றா சொன்னேன்? பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான், அவ்வளவுதான். ஆள் மாதத்தில் நாலு நாள் தென்பட்டால் பெரிது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவையிலிருந்து இறக்கிய யேசுவின் சுரூபத்தைத் தூம்பா என்கிற சவப்பெட்டியில் கிடத்திக் கோயில் நடுவில் வைப்பார்கள். அன்றைக்கு மணி அடிக்கக் கூடாது, எந்த வாத்தியமும் கூடாது. சாமியார் ஜெபங்களை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பிறகு தெருப் பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டுத் தூம்பாவைச் சுற்றி உட்கார்ந்து, மாதாவே மகனைப் பார்த்து அழுவதுபோல ஒப்பாரி பாடுவார்கள். வீட்டில் எழவு விழுந்தால் எப்படி அழுவார்களோ அப்படி. தொடங்கிக் கொடுப்பவள் சலோமி. அவள் அம்மா பாடிய இடம் அது, அம்மாவுக்குப் பிறகு மகளுக்கு வந்தது.

"பெத்த வயிறு பத்துதே மகனே,
உன்ன வெட்டவெளியில விட்டாங்களே மகனே"

என்று சலோமி எடுத்தால், அந்த 'மகனே' தரையிலிருந்து கிளம்பி மோட்டு வளையில் போய் முட்டும். மற்ற பெண்கள் அதை வாங்கி இழுப்பார்கள். கல்யாணமான முதல் வருஷம் பிலோமின் ஆண்கள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டான். மயிர்க்கூச்செறிந்தது. அழுகையும் வந்தது. ஆனால் பாட்டுக்காரன் புத்தி இருக்கிறதே, கண் அழுதுகொண்டிருக்கும்போதே கை இது என்ன சுரம் என்று தேடத் தொடங்கிவிட்டது.

அடுத்த மாதம் மன்னார்குடிப் பக்கம் ஒரு திருவிழாவில் புதுப் பாட்டு வேண்டும் என்றார் சோமசேகரன். பிலோமின் அந்த ஒப்பாரி மெட்டை எடுத்தான். வேகத்தை நாலு மடங்காக்கினான். 'மகனே' வந்த இடத்தில் 'மச்சான்' போட்டான்.

"வாஞ்சூரு ரோட்டுல போற மச்சான்,
வண்டியக் கொஞ்சம் நிறுத்து மச்சான்"

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. அன்றைக்கு மட்டும் மூன்று தடவை பாடச் சொன்னார்கள். பிறகு 'மச்சான் பாட்டு' இல்லாமல் கச்சேரி இல்லை என்றாகிவிட்டது. மைக்செட்காரர்கள் டேப்பில் பிடித்துக் கல்யாண வீடுகளில் போட்டார்கள். சலோமி காதிலும் அது விழுந்தது. சண்டை போட்டாள் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அவள் போடவில்லை. முதலில் திகைத்தாள், பிறகு வெட்கப்பட்டாள், கடைசியில் பாத்திரம் விளக்கும்போது அவளே முணுமுணுத்தாள். ஊரே பாடுகிற பாட்டு, கட்டினவன் கட்டின பாட்டு, கொஞ்சம் பெருமையும் இருக்கத்தானே செய்யும்.

எழுபத்தெட்டாம் வருஷத்துப் பெரிய வெள்ளி வந்தது. எங்கே சுற்றினாலும் அந்த ஒரு நாள் பிலோமின் ஊருக்கு வந்துவிடுவான். கோயில் நிறைந்திருந்தது. சலோமி தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தூம்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், தொடங்கினாள். "பெத்த வயிறு பத்துதே" வரைக்கும் சரியாக வந்தது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது 'மச்சான்'.

செத்துக் கிடக்கிற யேசுவைப் பார்த்து, மாதாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மச்சான்.

இளவட்டங்கள் நின்ற பக்கத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது தொற்றியது. வாயைப் பொத்திக்கொண்டு பெண்களே சிரித்தார்கள். எவனோ கையைத் தட்டித் தாளம்கூடப் போட்டான். சலோமி கண்ணைத் திறந்து சுரூபத்தைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அன்றைக்கு ஒப்பாரி இல்லாமலே தூம்பாவைத் தூக்கினார்கள்.

வீட்டில் பிலோமின் ஆயிரம் சமாதானம் சொன்னான். தப்பு தன்னுடையது என்றான், ஊர் நாலு நாளில் மறந்துவிடும் என்றான். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ மீன் ஆய்ந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உங்க மேல ஒண்ணுமில்லீங்க. நாக்கு என் பேச்சக் கேக்கல. இனிமே அத நம்பி வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். பேசினாள், சிரித்தாள், கோயிலுக்குப் போனாள், பாட்டு மட்டும் போய்விட்டது. பூசையில் எல்லோரும் பாடும்போது புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். பாத்திரம் விளக்கும்போது பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும்.

பிலோமின் குழுவை விட்டு விலகியது அந்த வருஷம்தான். பங்குச் சனங்கள் பிறகு அதைப் பெரிய மனந்திரும்புதலாகச் சொல்லிக்கொண்டார்கள். மேடையின் நடுவில் அவனுக்கு ஒளி தெரிந்ததாம், குரல் கேட்டதாம். அப்படி ஒரு மண்ணும் இல்லை. பெண்டாட்டி பாடாத வீடு அவனைத் துரத்தியது, அவளைப் பாட வைக்காமல் வேனில் ஏறினால் பாட்டு ஓடவில்லை. அதனால் போய்ப் பங்குச் சாமியாரிடம், பாடகர் குழுவைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டான். கோயிலில் தானே பாட்டு நடத்தினால், பக்கத்திலேயே இருந்தால், ஒருநாள் வாய் திறப்பாள் என்று கணக்குப் போட்டான். அந்த ஒப்பாரியை மறுபடி அவள் வாயால் கேட்க வேண்டும், அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சாமியார் நல்ல மனிதர், காரணம் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

வயிற்றுப்பாட்டுக்கு அப்துல் லத்தீப் பாயின் மைக்செட் கடையில் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் வேலை. கல்யாண வீட்டில் செட் கட்டப் போனால் முதலில் கேட்பது மச்சான் பாட்டைத்தான். அவனே டேப்பை மாட்டி, அவனே பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டுத் தெருக்கோடிவரை போய் நின்றுகொள்வான். புனல் ஒலிபெருக்கி அங்கேயும் விடாது.

பாடகர் குழு லேசான வேலை என்று நினைத்திருந்தான். ஆர்மோனியத்தில் பாதிக் கட்டைகள் இருமும். பெண்பிள்ளைகள் ஒவ்வொரு அடியின் முடிவையும் ஜவ்வாக இழுப்பார்கள். உபதேசியார் சிலுவைமுத்துவுக்குப் பூசையில் லத்தீன் போய்த் தமிழ் வந்ததிலிருந்தே மனசு சரியில்லை. காணிக்கைப் பாட்டுக்கு பிலோமின் கொஞ்சம் துள்ளலாகக் கிதாரைத் தட்டிய அன்று, சனங்கள் பூசைக்கு வருகிறார்களா காவடிக்கு வருகிறார்களா என்று கேட்டுவிட்டார். பிலோமின் சிரித்துக்கொண்டான். ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினான், இறங்கினான், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தான். இப்படி எத்தனை தடவை என்று கண்டக்டர்களுக்குத்தான் தெரியும். போவதற்கு வேலை எதுவும் கிடையாது, கால் கேட்டது, போனான்.

ஒரு வருஷம் பெரிய வெள்ளிக்கென்று புது மெட்டே கட்டினான். மச்சான் பாட்டின் வாடை துளியும் இல்லாமல், இரண்டு மாதம் சோறு தண்ணி மறந்து கட்டினான். பெண்பிள்ளைகளுக்குப் பழக்கித் தூம்பாவைச் சுற்றிப் பாட வைத்தான். ஒரு பிசிறு இல்லை. ஒரு கண்ணிலும் ஈரமும் இல்லை. வெளியே வரும்போது தெருவில் மூத்தவளான லூர்தம்மாள் அவனை நிறுத்தினாள்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. எழவு வீட்டுல பாயசம் ஊத்துன மாதிரி இருக்கு."

சலோமி பக்கத்தில்தான் நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

பிறகு சோமசேகரனிடம் போனான். அந்த ஒரு பாட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினான். சோமசேகரன் காப்பி வாங்கிக் கொடுத்தார், தோளில் கை போட்டார். நான் நிறுத்தினால் நாகூரில் ஒருவன் பாடுவான், அவன் நிறுத்தினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடும், அது இனி உன்னுடையதும் இல்லை என்னுடையதும் இல்லை என்றார். சிங்கப்பூர் போகிறோம், நீயும் வா, உன் கிதார் இல்லாமல் நீலமேகம் ஒற்றைக் கையால் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். பிலோமினுக்குக் காலிலிருந்து தலைவரை ஜிவ்வென்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். வந்தபின் ஒரு வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான்.

எண்பத்து நாலில் அம்பகரத்தூர்த் திருவிழாவுக்குச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனான். அவன் சொல்லிக்கொண்டது அது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். மேடையிலிருந்து நீலமேகத்தின் கண் அவனைப் பிடித்துவிட்டது. பம்பையில் ஒரு உருட்டு உருட்டி, அதே இடத்தில் நிறுத்தி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் திரும்பியது. அடுத்த நிமிஷம் பிலோமின் மேடையில் இருந்தான், கையில் யாருடையதோ கிதார். மச்சான் பாட்டைப் பாடினான். பிய்த்து உதறினான். ஆறு வருஷம் நெஞ்சுக்குள் நெருக்கிக் கிடந்தது எல்லாம் விரல் வழியாக ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக அவன் எந்தப் பூசையிலும் வாசித்ததில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்திருந்தது. சலோமி சோறு போட்டாள். அவன் பாதியில் எழவில்லை, தலை குனிந்தபடி சாப்பிட்டான்.

"கை நல்லா ஓடிச்சா?" என்று கேட்டாள்.

"ஓடிச்சு."

"ஓடட்டும். உங்களுக்காவது வருதே."

இதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம். மறுநாள் காலைப் பூசைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்தான். அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஏறவில்லை என்பதால் ஆசை போய்விட்டது என்று அர்த்தமில்லை. வேன் சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்கு வந்தான். சலோமி இன்னும் புத்தகத்தை விரித்துக்கொண்டு சும்மா நின்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பூட்டு.

எண்பத்தாறு தை கடைசியில் நீலமேகம் இறந்துபோனார். மஞ்சள் காமாலை. குடியும் சேர்ந்துகொண்டது. சேதி வந்ததும் பிலோமின் சட்டையை மாட்டினான். தானும் வருவதாகச் சலோமி கிளம்பினாள். நீலமேகம் அந்த வீட்டில் எத்தனையோ நாள் கை நனைத்தவர்.

அம்பகரத்தூரில் வாசலில் பந்தல் போட்டு உடலைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வளையமாக உட்கார்ந்து அழுதார்கள். ஆண்கள் தெருவோரம் நின்றார்கள், பிலோமினும் அங்கே நின்றான். நீலமேகத்தின் மனைவி மங்கையர்க்கரசி மட்டும் அழவில்லை. காலையிலிருந்தே அப்படித்தானாம். அழுதுடு தாயி, நெஞ்சு அடைச்சுக்கும் என்று பெண்கள் உலுக்கினார்கள். அவளுக்கு ஒப்பாரி வராது, படித்த பெண், அதெல்லாம் கற்றுக்கொண்டதில்லை. பறை ஓய்ந்த ஓர் இடைவெளியில் அவள் வாயைத் திறந்தாள்.

"பம்ப அடிச்ச கையிதானே ராசா,
இப்பப் பாயில சோந்து கெடக்குதே ராசா"

மச்சான் பாட்டு. அவளுக்குத் தெரிந்த மெட்டு அது ஒன்றுதான். புருஷன் பத்து வருஷத்துக்கு மேல் அடித்த பாட்டு. வேகமெல்லாம் போய், ஒவ்வொரு சொல்லாகத் தரையில் இழுபட்டு வந்தது. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பிலோமின் சுற்றிலும் பார்த்தான். மேடைக்கு முன்னால் விசிலடித்த அதே இளவட்டங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு அடிக்கு மேல் மங்கையர்க்கரசியிடம் சொல் இல்லை. குரல் அந்தரத்தில் நின்றது. வாங்கி இழுக்க வேண்டிய பெண்கள் தயங்கினார்கள், அவர்களுக்கு அது கச்சேரிப் பாட்டு. அப்போது வளையத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் அதை எடுத்தது. "சோறு வெச்ச வட்டில் காயுதே ராசா" என்று எடுத்தது. தரையிலிருந்து கிளம்பிப் பந்தல் கீற்றில் போய் முட்டியது.

எட்டு வருஷம். பிலோமினுக்கு முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அழுததை நீலமேகத்துக்காக என்று ஊரார் நினைத்தார்கள். பாதி அதுவும்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் கேட்காமல் இருக்க முடியவில்லை. வருகிற பெரிய வெள்ளிக்குத் தொடங்குவாளா என்று கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அது எழவு வீடு, அந்தப் பெண் தவித்துப்போய் நின்றாள், தன்னை அறியாமல் வந்துவிட்டது என்றாள். கோயில் வேறு, அங்கே நாக்கை நம்ப முடியாது என்றாள். அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. ஆர்மோனியத்துக்கு உறை போட்டாகிவிட்டது, கிதார் வீட்டில். அந்த ஒரு நாள் பிலோமினுக்குக் கோயிலில் வேலை இல்லை. ஆண்கள் பக்கத்தில் கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். ஜெபங்கள் முடிந்தன, சாமியார் ஒதுங்கினார், பெண்கள் தூம்பாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கால்மாட்டில் சலோமிக்கு இடம் விட்டிருந்தார்கள், ஒவ்வொரு வருஷமும் விடுவார்கள். அவள் கடைசி வரிசையில்தான் இருந்தாள்.

அப்போது வாசலில் சலசலப்பு. நெற்றியில் பொட்டில்லாமல், வெளுத்த சேலையில் மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தாள். அம்பகரத்தூரிலிருந்து தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சலோமியிடம் போனாள். தாலி அறுத்த வருஷத்தில் எங்கேயும் போகக் கூடாதே அம்மா என்று லூர்தம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"எழவு வீட்டுக்குப் போலாம்ல? எங்க வீட்டுச் சாவுக்கு அக்கா வந்து அழுதாங்க. அவங்க வீட்டுச் சாவுக்கு நான் வரவேணாமா?"

சலோமி எழுந்தாள். அவள் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தூம்பாவின் கால்மாட்டில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து தலையை அவிழ்த்தாள்.

"பெத்த வயிறு பத்துதே" என்று எடுத்தாள். அந்த இடம் வந்தது. "மகனே" என்றாள்.

பெண்கள் வாங்கி இழுத்தார்கள். மங்கையர்க்கரசிக்கு இந்தப் பாட்டின் சொல் தெரியாது. அத்தனை பேரும் 'மகனே' என்று இழுத்த இடத்தில் அவள் ஒருத்தி மட்டும் 'ராசா' என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிலோமின் பதறிப்போய் இளவட்டங்கள் நின்ற பக்கம் திரும்பினான். ஒருவனும் சிரிக்கவில்லை. அடுத்த அடியைச் சலோமி எடுத்தாள். அதில் அவளும் 'ராசா' என்றே பாடினாள்.